டவர், போன், தலைவலி: ஆராய்ச்சி சொல்வதை நாமே படித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் பெரியம்மா ஒரு பின்னேரம் போனைக் கையில் பிடித்தபடி வந்தார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய குரல் பதிவு. டவருக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில் கான்சர் வருகிறதாம், உலக சுகாதார ஸ்தாபனமே போனைப் புற்றுநோய்ப் பட்டியலில் போட்டுவிட்டதாம், தலைமாட்டில் போனை வைத்துப் படுத்தால் தூக்கம் போய் மூளை கெட்டுவிடுமாம். மூச்சு விடாமல் ஒரு ஆண் குரல் சொல்லிக்கொண்டே போனது. கேட்டு முடிந்ததும் பெரியம்மா சொன்னார்: "மனே, அந்த டவரக் கழட்டச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தாவன்."

நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவன். ரேடியோ அலை பற்றிச் சொல்லத் தெரியும். ஆனால் அந்தப் பதிவில் எது பொய், எது பாதி உண்மை, எது முழு உண்மை என்று அன்று அவருக்குப் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு பல இரவுகள் இருந்து ஆய்வுக் கட்டுரைகளை வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஒரு ஒழுங்கு பிடிபட்டது. அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு பதிவு வரும், அநேகமாக ஏற்கனவே வந்திருக்கும்.

படி 1: கேள்வியை உடைத்துக்கொள்ளுங்கள்

"போன் உடம்புக்குக் கூடாதா?" என்பது ஒரு கேள்வி போலத் தெரியும். உள்ளே ஐந்து கேள்விகள் இருக்கின்றன. காதோடு வைத்துப் பேசும்போது தலைக்குள் போகும் ரேடியோ அலை ஒன்று. டவரிலிருந்து வரும் அலை இன்னொன்று. இரவில் திரையைப் பார்ப்பதால் தூக்கத்துக்கு என்ன ஆகிறது என்பது மூன்றாவது. பிள்ளைகளின் கண்ணும் வளர்ச்சியும் நான்காவது. வண்டி ஓட்டும்போது சிதறும் கவனம் ஐந்தாவது.

ஒவ்வொன்றையும் ஆராய்ந்தவர்கள் வேறு வேறு ஆட்கள், முறையும் வேறு, சான்றின் பலமும் வேறு. ஒரு தாளை எடுத்து, கையில் இருக்கும் செய்தி இந்த ஐந்தில் எதைப் பற்றியது என்று மேலே எழுதிக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கு வந்த பதிவில் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கலக்கி வைத்திருந்தார்கள். தூக்கம் கெடுவதற்கு இருக்கிற சான்றைக் காட்டி டவரைக் கழட்டச் சொன்னார்கள். இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 2: போனிலிருந்து என்ன வருகிறது, எவ்வளவு வருகிறது

'கதிர்வீச்சு' என்ற சொல்தான் முதலில் பயமுறுத்துவது. எக்ஸ்ரேயும் கதிர்வீச்சு, ரேடியோ அலையும் கதிர்வீச்சு, அடுப்புத் தணலின் வெக்கையும் கதிர்வீச்சுத்தான். வித்தியாசம் சக்தியில் இருக்கிறது. அணுவிலிருந்து ஒரு இலத்திரனைத் தட்டிவிட ஏறத்தாழ 10 இலத்திரன் வோல்ட் (அணு அளவில் சக்தியை அளக்கும் அலகு) சக்தி வேண்டும். எக்ஸ்ரேயிடம் அது தாராளமாக இருக்கிறது. அதனால் அது டி.என்.ஏ.யை நேரடியாக உடைக்கும். 900 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்யும் போன் அலையின் ஒரு போட்டானில், அதாவது அலையின் ஒரு சக்தித் துணுக்கில், இருப்பது சுமார் 0.000004 இலத்திரன் வோல்ட். 25 லட்சம் மடங்கு குறைவு. மாங்காய்க்கு ஒரு கல் எறிந்தால் விழும். மணலை அள்ளி அள்ளி நாள் முழுக்க வீசினாலும் விழாது. போன் அலை அந்த மணல்.

அப்போ ஒன்றுமே செய்யாதா? செய்யும். உடம்பிலுள்ள நீரை அது கொஞ்சம் சூடாக்கும். உறுதியாகத் தெரிந்த உயிரியல் விளைவு இந்தச் சூடுதான், பாதுகாப்பு வரம்புகளும் அதை வைத்தே போடப்பட்டவை. அயனாக்காத (இலத்திரனைத் தட்டிவிடாத) கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு தலைப்பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு, 10 கிராம் இழையத்தின் சராசரியில் ஒரு கிலோவுக்கு 2 வாட். அமெரிக்காவில் 1 கிராம் சராசரியில் 1.6 வாட். உங்கள் போனின் அளவைப் பார்க்க வேண்டுமென்றால் *#07# என்று அடித்துப் பாருங்கள், பல போன்களில் திரையில் வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது போன் தன் முழுச் சக்தியில் இயங்கும்போது அளந்தது. அன்றாடம் உங்கள் தலைக்குள் எவ்வளவு போகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

அன்றாட அளவைத் தீர்மானிப்பது இரண்டு விஷயங்கள். தூரமும் சிக்னலும்.

சிக்னல் விஷயம் எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் வாவியின் இரண்டு கரைகளிலும் நேரடியாகவே தெரியும். கிழக்குக் கரையான எழுவான்கரையில் டவர்கள் நெருக்கமாக நிற்கின்றன, போனில் சிக்னல் கட்டைகள் நிறைந்திருக்கும். மேற்குக் கரையான படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம் என் மச்சானுக்கு வயல் இருக்கிறது. வேளாண்மை விளையும் காலத்தில் யானைக் காவலுக்குப் பரணில் படுப்பார். அங்கே ஒரு கட்டை வந்தாலே பெரிய காரியம். போனை உயர்த்திப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு மூலையில் சிக்னல் பிடித்ததும் காதோடு அழுத்திப் பேசுவார். டவர் தூரத்தில் இருப்பதால் அவருடைய போன் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுப் போன் குசுகுசுத்தால் போதும். பழைய 2ஜி போன் ஒன்று உச்சத்தில் 2 வாட் வரை அனுப்பும், சராசரியில் கால் வாட். டவர் பக்கத்தில் இருந்தால் அதில் மிகச் சிறிய பங்குதான்.

இதைப் பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்தத்தான் எனக்குக் கனநேரம் எடுத்தது. டவரைக் கழட்டினால், காதோடு ஒட்டியிருக்கும் போன் இன்னும் பலமாக அலை அனுப்பத் தொடங்கும். தலைக்குள் போகும் அலையில் பெரும்பங்கு கையிலிருக்கும் போனிலிருந்து வருவது, கூரைக்கு மேலே தெரியும் டவரிலிருந்து அல்ல.

டவருக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு? பாலமீன்மடு வெளிச்சவீட்டை நினைத்துப் பாருங்கள். 1913இல் கட்டியது. வெளிச்சம் கடலைப் பார்த்துப் போகிறது, அடியில் நிற்கிறவருக்கு அது தலைக்கு மேலே. டவரின் அன்டெனாவும் அநேகமாகக் கிடையாகவே அனுப்புகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெட்டவெளியில் பலம் நான்கில் ஒன்றாகக் குறையும். பல நாடுகளில் அளந்து பார்த்ததைத் தொகுத்து 2006இல் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது: டவர்களால் பொதுமக்களுக்குக் கிடைக்கும் அளவு, சர்வதேச வரம்பில் 0.002 வீதத்திலிருந்து 2 வீதம் வரை.

படி 3: எந்த வகை ஆய்வு என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

'ஆய்வில் கண்டுபிடிப்பு' என்று வரும் செய்திக்குப் பின்னால் கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்கள் இருக்கலாம், எலிகள் இருக்கலாம், நோயாளிகளிடம் பழைய கதை கேட்ட ஆய்வு இருக்கலாம், லட்சக்கணக்கான ஆட்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது.

நோயாளிகளிடம் கதை கேட்பதில் பெரிய முயற்சி இன்டர்ஃபோன். 13 நாடுகள் சேர்ந்து நடத்தி, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். கிளியோமா என்ற மூளைக் கட்டி வந்த 2708 பேரையும் மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி வந்த 2409 பேரையும், நோய் இல்லாத ஆட்களோடு ஒப்பிட்டார்கள். வந்த முடிவு விநோதமானது. ஒழுங்காகப் போன் பாவித்தவர்களுக்குக் கிளியோமா 19 வீதம் குறைவாக இருந்தது. போன் மூளையைக் காப்பாற்றுகிறதா? இல்லை. ஆய்வுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டபோது நோயில்லாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் வந்தார்கள். போனே பாவிக்காத ஆள் 'எனக்கு இதில் என்ன இருக்கு' என்று வராமல் விட்டிருப்பார். அதனால் ஒப்பீட்டுக்கு எடுத்த கூட்டத்தில் போன் பாவிப்பவர்கள் அளவுக்கு அதிகமாகச் சேர்ந்துவிட்டார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவு. வாழ்நாளில் 1640 மணித்தியாலத்துக்கு மேல் பேசிய பத்தில் ஒரு பங்கினருக்குக் கிளியோமா 40 வீதம் அதிகம். தலைப்புச் செய்தியானது இதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் சிலர், நாளுக்கு 5 மணித்தியாலத்துக்கு மேல் பேசினேன் என்று சொல்லியிருந்தார்கள். அது 2000க்கும் 2004க்கும் இடையில் நோய் கண்டவர்களிடம் கேட்டது, நிமிடத்துக்குக் காசு எண்ணிப் பேசிய காலம். தலையில் கட்டி என்று வைத்தியர் சொன்னதும் எவருக்கும் ஏன் எனக்கு வந்தது என்ற கேள்வி எழும். போன்தான் காரணமோ என்று தோன்றிவிட்டால், பேசிய நேரம் ஞாபகத்தில் நீண்டுவிடும். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. பத்து வருடத்துக்கு முதல் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்று என்னைக் கேட்டால் நானும் பிழையாகத்தான் சொல்வேன்.

இதனால்தான் இரண்டாவது வகை வேண்டியிருக்கிறது: நோய் வருவதற்கு முன்பே ஆட்களைச் சேர்த்துப் பின்தொடர்வது. டென்மார்க்கில் ஞாபகத்தை நம்பாமல், போன் இணைப்பு எடுத்தவர்களின் பதிவேட்டைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு பொருத்தினார்கள். 3,58,403 பேர். 2011இல் வந்த முடிவில் மூளைக் கட்டி கூடவில்லை. அதிலும் ஓட்டை இருக்கிறது. கம்பனி பெயரில் போன் வைத்திருந்தவர்கள், அதாவது அந்தக் காலத்தில் நிறையப் பேசியவர்கள், போன் இல்லாதவர்கள் பக்கத்தில் எண்ணப்பட்டார்கள். பிரித்தானியாவில் ஏழே முக்கால் லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது, அங்கேயும் வித்தியாசம் தெரியவில்லை. கொஸ்மொஸ் என்ற ஆய்வு ஐரோப்பிய நாடுகளில் 2,64,574 பேரைச் சேர்த்தது, போன் கம்பனிகளின் பதிவுகளை வைத்து ஞாபகப் பிழையையும் திருத்திக்கொண்டது. 2024இல் வந்த முடிவும் அதேதான். பதின்வயதினரையும் இளைஞர்களையும் 14 நாடுகளில் பார்த்த மொபி-கிட்ஸ் ஆய்விலும் போன்தான் காரணம் என்று காட்டும் எதுவும் கிடைக்கவில்லை.

2024 செப்டெம்பரில், உலக சுகாதார ஸ்தாபனம் கேட்டுச் செய்வித்த ஒரு மீளாய்வு வந்தது. 1994 முதல் 2022 வரை 22 நாடுகளில் வந்த 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, போன் பாவனையால் மூளைப் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை என்று நடுத்தர உறுதியோடு சொன்னது. 'நடுத்தர உறுதி' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நேர்மையான விஞ்ஞானம் தன் முடிவோடு அதன் பலத்தையும் சேர்த்தே சொல்லும்.

இனி எலிகள். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் வெளியிட்ட ஆய்வுதான் குரல் பதிவுகளில் அடிக்கடி அடிபடுவது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி இரண்டு வருடம், நாளுக்குக் கூட்டிப் பார்த்தால் 9 மணித்தியாலம், முழு உடம்புக்கும் 2ஜி, 3ஜி அலை கொடுத்தார்கள். கொடுத்ததில் ஆகக் குறைந்த அளவே, போனில் ஒரு சிறு இடத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு. ஆண் எலிகளின் இதயத்தில் ஷ்வானோமா என்ற கட்டி கூடியதற்குத் 'தெளிவான சான்று' என்றார்கள். பெண் எலிகளில் அந்தத் தெளிவு இல்லை. அலை பட்ட ஆண் எலிகள், படாதவற்றைவிட அதிக காலம் உயிரோடு இருந்தன. இத்தாலியின் ரமாசினி நிறுவனமும் அதே வருடம் இதே வகைக் கட்டியைச் சொன்னது. 2025இல் விலங்கு ஆய்வுகளை மட்டும் தொகுத்த மீளாய்வு ஒன்று, ஆண் எலிகளில் இந்தத் தொடர்புக்கு உயர்ந்த உறுதி இருப்பதாக எழுதியது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. என் முடிவைக் கேட்டால், எலி ஆய்வைக் குப்பையில் போடக்கூடாது, அதை வைத்து ஊரைப் பயமுறுத்தவும் கூடாது. மனிதரில் பார்த்த ஆய்வுகள் இவ்வளவு இருக்கும்போது நான் அவற்றுக்கே கூடிய எடை கொடுக்கிறேன்.

படி 4: வீதத்தைக் கண்டால் 'எதில்?' என்று கேளுங்கள்

40 வீதம் அதிகம் என்றால் நூறு பேரில் நாற்பது பேருக்கு வரும் என்றுதான் பெரியம்மா விளங்கிக்கொண்டார். பலரும் அப்படித்தான். கிளியோமா வருடத்தில் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு வருகிறது, இது அமெரிக்கக் கணக்கு. அந்த 40 வீதம் முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், 6 என்பது 8 சொச்சம் ஆகும். லட்சத்தில் இரண்டு பேர் கூடுதல். அந்த இரண்டு பேரின் வீட்டுக்கு அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் நூறில் நாற்பது என்று நினைத்து நித்திரையில்லாமல் கிடப்பதற்கும் லட்சத்தில் இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள்.

படி 5: '2பி' என்றால் என்ன

"உலகத்து டாக்குத்தர்மாரே சொல்லிப்போட்டாங்களாமே மனே?"

சொன்னார்கள். 2011 மே 31, பிரான்சின் லியோன் நகரம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது. குரல் பதிவில் இந்தப் பகுதி பொய் இல்லை. ஆனால் அந்தப் பிரிவின் பெயர் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம்'. சான்று குறைவாக இருக்கிறது, இல்லையென்று தள்ளவும் முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில் இருக்கிறது. இந்த முகவரகம் சொல்வது ஒரு பொருளால் புற்றுநோய் வருமா என்பதற்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்று. எவ்வளவு பாவித்தால் எத்தனை பேருக்கு வரும் என்று அது சொல்வதில்லை. ரேடியோ அலையை மறுபடி மதிப்பிடுவதற்கு முகவரகத்தின் ஆலோசனைக் குழு முன்னுரிமை கொடுத்திருக்கிறது, ஆகவே இந்த 2பி மாறலாம், மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியம்மா மடியிலிருந்த பையை அவிழ்த்தார். வெத்திலையின் காம்பைக் கிள்ளிப் போட்டார், நகத்தால் சுண்ணாம்பைத் தடவினார், சீவிய பாக்கை வைத்து மடித்தார், ஒரு துண்டுப் புகையிலையையும் சேர்த்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டார். நாற்பது வருடப் பழக்கம். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதே முகவரகத்தின் பட்டியலில் முதலாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது நிச்சயமானவை. புகைத்தலும் மதுவும் அங்கே இருக்கின்றன. 2004 முதல் பாக்கும் அங்கேதான் இருக்கிறது. புகையிலை சேர்த்த வெத்திலைக்கூட்டு, சேர்க்காத வெத்திலைக்கூட்டு, இரண்டுமே. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்று. போனைப் பற்றி அந்த முகவரகம் சொன்னதை நம்புகிறோம் என்றால், பாக்கைப் பற்றி அது இன்னும் உரத்துச் சொன்னதையும் கேட்க வேண்டும். நான் அதை அவருக்கு மெதுவாகத்தான் சொன்னேன்.

படி 6: தலைவலி உண்மை, காரணம் வேறாக இருக்கலாம்

டவர் வந்த பிறகு தலையிடி, படபடப்பு, நித்திரையின்மை என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் நடிப்பதில்லை. இதை ஆராயும் முறை நல்லது. ஓர் அறையில் அவரை இருத்தி, அலை இருக்கிறதா இல்லையா என்று அவருக்கும் தெரியாமல், கூட இருக்கும் ஆய்வாளருக்கும் தெரியாமல் போட்டும் நிறுத்தியும் பார்ப்பார்கள். இப்படிச் செய்த 46 பரிசோதனைகளை 2010இல் தொகுத்துப் பார்த்தார்கள், 1175 பேர். அலையை அவர்களால் உணர முடிந்ததற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. அலை இருக்கிறது என்று நம்பியபோது, பொய் அலைக்கும் தலை வலித்தது. பயமே நோவைக் கொண்டுவரும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் வாதாடாதீர்கள். இரத்த அழுத்தம், கண், சீனி எல்லாம் பார்க்க வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். டவரையே திட்டிக்கொண்டிருந்து உண்மையான காரணத்தைத் தவறவிட்டால் அதுதான் இழப்பு.

படி 7: ஒரு ஆய்வை முழுக்க வாசித்துப் பழகுங்கள்

பழக நல்ல உதாரணம், 2023இல் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வு. 18 முதல் 22 வயது வரையான 2886 ஆண்கள். நாளுக்கு 20 தடவைக்கு மேல் போன் பாவிப்பவர்களின் விந்துச் செறிவு, வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் பாவிக்காதவர்களைவிட 21 வீதம் குறைவு. இவ்வளவோடு செய்தி முடிந்துவிடும். கட்டுரையை உள்ளே போய் வாசித்தால் இன்னும் இருக்கிறது. காற்சட்டைப் பையில் போனை வைப்பவர்களுக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அலைதான் காரணமென்றால் அங்கேதான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். 2ஜியிலிருந்து 4ஜிக்கு மாறிய வருடங்களில் தொடர்பு மெலிந்துகொண்டே போனது. போனை அதிகம் பாவிக்கிறவர் அதிகம் உட்கார்ந்திருப்பவராக, குறைவாக உறங்குபவராக, அதிகம் புகைப்பவராக இருக்கலாம். ஆய்வாளர்கள் சிலவற்றைக் கணக்கில் எடுத்தார்கள்தான், எல்லாவற்றையும் எடுக்க யாராலும் முடியாது. பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதிகள் இந்தச் செய்தியைப் பார்த்துக் கலங்கினால், போனை மறைத்துவைப்பதற்கு முன் இருவருமாக வைத்தியரைப் பார்ப்பது நல்லது.

படி 8: சான்று பலமாக இருக்கும் இடத்துக்குப் போங்கள்

இவ்வளவு நேரமும் சான்று மெலிந்த இடத்தில் நின்றோம். பலமான இடம் ரோட்டில் இருக்கிறது.

1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கனடாவின் ரொறன்ரோவில் விபத்துப்பட்ட 699 சாரதிகளின் தொலைபேசிப் பட்டியல்களை எடுத்தார்கள். விபத்துக்கு முந்திய சில நிமிடங்களை, அதே ஆள் அதற்கு முதல் நாள் அதே நேரத்தில் என்ன செய்தார் என்பதோடு ஒப்பிட்டார்கள். ஆளுக்கு ஆள் ஒப்பிடவில்லை, அவரை அவரோடேயே ஒப்பிட்டார்கள். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் பேசினேன் என்ற ஞாபகப் பிழைக்கு இங்கே இடமே இல்லை. போன் பேசும்போது விபத்து ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசும் வசதி இருந்தவர்களுக்கும் அது குறையவில்லை. அவுஸ்திரேலியாவின் பேர்த்தில் செய்து 2005இல் வெளிவந்த ஆய்விலும் நான்கு மடங்கு என்றே வந்தது. 40 வீதத்துக்கும் நான்கு மடங்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். விபத்து என்பது லட்சத்தில் ஆறு பேருக்கு வரும் சங்கதியும் அல்ல.

எங்கள் பக்கத்தில் போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடுவது வழக்கமாகிவிட்டது. நானும் அப்படித்தான் ஓடினேன். இரண்டு வருடத்துக்கு முதல், மாலை நேரம், கோட்டைக்கல்லாற்றுப் பாலத்துக்குக் கிட்ட ரியூஷன் நேரம் மாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். ரோட்டின் நடுவில் ஒரு பசுமாடு நின்றது. கண்ணுக்கு முன்னால் நின்றது, ஆனால் நான் பார்க்கவில்லை. மூன்று பாகம் தூரம் இருக்கும்போதுதான் பிரேக் பிடித்தேன். மோட்டார் சைக்கிள் வழுக்கி, முழங்கால் தார் ரோட்டில் தேய்ந்து, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "சேர்... சேர்..." என்று பிள்ளையின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பின்னால் பஸ் வரவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். கண் ரோட்டில் இருந்தது, மனம் பேச்சில் இருந்தது. ஆய்வு சொல்வதும் அதைத்தான், இரண்டு கையும் சும்மா இருந்தும் பிரயோசனமில்லை. இப்போது சைக்கிளை ஸ்டார்ட் பண்ணும் முன் போனைச் சத்தமில்லாமல் ஆக்கிப் பையில் போட்டுவிடுகிறேன்.

தூக்கத்திலும் சான்று நல்ல பலம். 2016இல் 20 ஆய்வுகளைத் தொகுத்தார்கள், 1,25,198 பிள்ளைகள். படுக்கும் நேரத்தில் போன், டேப்லெட் பாவிக்கும் பிள்ளைகளுக்குத் தூக்கம் போதாமல் போகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். பாவிக்காமல் அறையில் வெறுமனே கிடந்தாலும் தூக்கம் குறைந்திருந்தது. நீல வெளிச்சம்தான் காரணம் என்று சொல்கிறார்கள், எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. 2015இல் 12 பேரை வைத்துச் செய்த பரிசோதனையில், திரையில் வாசித்தவர்கள் புத்தகம் வாசித்தவர்களைவிட உறங்க எடுத்தது சராசரி 10 நிமிடம்தான் அதிகம். அடுத்த வீடியோ, அடுத்த செய்தி, பதில் வந்ததா என்ற தவிப்பு, இவைதான் பிள்ளைகளின் ஒரு மணித்தியாலத்தையும் இரண்டையும் விழுங்குகின்றன. சாதாரண தரம் எழுதும் பிள்ளை காலையில் வகுப்பில் கண் சொருகுவதை நான் நாளும் பார்க்கிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு: இரண்டு வயதாகும் வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் சொன்னது. கண்ணுக்கு மருந்து முற்றத்தில் இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாடக் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 வீதம், மற்றப் பாடசாலைகளில் 39.5 வீதம்.

படி 9: அடுத்த குரல் பதிவு வரும்போது

ஆய்வு என்று சொன்னால் எந்த வருடம், எந்த நாடு, எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அனுப்பியவருக்கும் தெரியாது என்று அர்த்தம். மனிதரா எலியா? யாரோடு ஒப்பிட்டார்கள்? வேறு யாராவது திரும்பச் செய்து அதே முடிவைப் பார்த்தார்களா? பணம் கொடுத்தது யார் என்றும் பாருங்கள். இன்டர்ஃபோனுக்குக் கைபேசித் தொழில்துறையின் பணமும் ஒரு பகுதி வந்தது, ஆய்வாளர்களைத் தொடாதபடி இடையில் ஓர் அமைப்பை வைத்துக் கொடுத்தார்கள். அதை அவர்களே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். எழுதாமல் விட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். பயமுறுத்தி முடிந்ததும் ஏதாவது விற்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். போனில் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். அது சிக்னலைத் தடுத்தால் போன் இன்னும் கூடிய சக்தியில் இயங்கும் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமே எச்சரித்திருக்கிறது.

அலையைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குக் காசில்லாத வழி இருக்கிறது. நீண்ட பேச்சுக்கு ஸ்பீக்கர் அல்லது இயர்போன். ஒரு கட்டை மட்டும் வரும் இடத்தில் நீட்டிப் பேசாமல், முடிந்தால் ஒரு குறுஞ்செய்தி. மச்சானுக்கு நான் ஒரு இயர்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். யானை வந்தால் மட்டும் தயங்காமல் எடுத்துப் பேசச் சொன்னேன்.

பெரியம்மாவுக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு. டவரைக் கழட்டச் சொல்லவில்லை. எங்கள் வளவில் அலையின் அளவை அளந்து, சர்வதேச வரம்பில் அது எத்தனை வீதம் என்று எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறோம். பெரியம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார். போனை இப்போது தலைமாட்டில் வைப்பதில்லை, குசினி மேசையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் படுக்கிறார். வெத்திலைப் பை இன்னும் மடியில்தான் இருக்கிறது. கடைவாயில் ஒரு வெள்ளைத் தழும்பு ஆறாமல் இருக்கிறது என்று போன கிழமை தானாகவே சொன்னார். வருகிற செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவரைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போகிறேன்.